ஏழு மில்லிமீட்டர் மழை

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். வெயில் ஒரு நிமிஷம், தூறல் ஐந்து நிமிஷம். ஷட்டர் ஈரத்தில் மக்கர். இரண்டு உதை கொடுத்தபின் ஏறியது.

இன்றைய ஃப்ளெக்ஸ்:
கண்ணீர் அஞ்சலி, 6x4. ஆதார் கார்டிலிருந்து போட்டோ. முகத்தைத் தேற்றி எடுக்க ஒரு மணி நேரம்.
காதணி விழா, 10x8. தாய்மாமன்கள் மட்டும் பதினான்கு பேர். பதினான்கும் பெரிதாக வேண்டுமாம்.
குற்றாலம் பரோட்டா ஸ்டால். "கோழி பறக்க மாதிரி போடுங்க." பொரித்த கோழி எப்படிப் பறக்கும்? போட்டுக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு மைதீன் அண்ணன். இரண்டு கடை தள்ளி மிக்ஸி, டிவி ரிப்பேர். துபாயில் பதினாறு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர். வழக்கமாக டீக்குக் கூப்பிடத்தான் வருவார்.

"பேச்சி, ஒரு லோகோ வேணும்."

"எத்தன அடிக்கு அண்ணே?"

"ஏழு மில்லிமீட்டர்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை சர்க்யூட் போர்டை எடுத்து மேஜையில் வைத்தார். பிஸ்கட் அளவு. அதன் மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் காலி இடம். அங்கேதானாம். வெள்ளை ஒரே நிறம். ஷேடு கிடையாது, நிழல் கிடையாது, ஒரு எழவும் கிடையாது.

விஷயம் இதுதான். மழை அளக்கும் கருவி. பிவிசி குழாய், உள்ளே தராசு மாதிரி ஆடும் குட்டிக் கிண்ணம், பக்கத்தில் இந்த போர்டு. எவ்வளவு பெய்ததென்று ஃபோனுக்குச் சேதி வரும். குற்றாலம், ஆலங்குளம், திருவேங்கடம் என்று ஊருக்கு ஒன்றாக வைக்கிறார்கள். 'ஊர்மழை' என்று பெயர். முப்பது பேர்: விவசாயிகள், இரண்டு வாத்தியார்கள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள். கம்பெனி இல்லை. முதலாளி இல்லை.

"ஓப்பன் ஹார்டுவேர் தங்கச்சி. வரைபடம், போர்டு, புரோகிராம் எல்லாத்தையும் பொதுவுல போட்டுருவோம். எவன் வேணும்னாலும் எடுத்து, செஞ்சு, மாத்திக்கிடலாம்."

"அப்ப ஒங்களுக்கு என்ன லாபம்?"

"எங்கன எவ்வளவு மழ பேயுதுன்னு தெரியும்லா?"

கிளம்பும்போது மெதுவாக ஒன்றைப் போட்டார். குரூப்பில் யாரோ பெங்களூரில் ஒரு டிசைனர் பையனைச் சொல்கிறார்களாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"பெங்களூர்க்காரனுக்கு நம்ம சாரல் தெரியுமா? போங்கண்ணே. நான் போடுதேன்."

இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம். பத்தொன்பது வருஷமாக வரைகிறேன். அஞ்சலி ஃப்ளெக்ஸ் பதினாறாம் நாள் விசேஷம் வரை நிற்கும். கல்யாண ஃப்ளெக்ஸ் மறுநாள் காலையில் ஆட்டுக்கொட்டகைக் கூரை. நான் வரைந்ததில் பதினாறு நாளைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. அந்த போர்டு பத்து வருஷம் வயலில் நிற்குமாம்.

எனக்கு இது வேண்டும். நான்தான் போடுவேன்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல் விடவில்லை. துணி காயவில்லை. கரண்ட் மூன்று முறை போனது.

குரூப்பில் என்னைச் சேர்த்தார்கள். சேர்த்த அரை மணி நேரத்தில் வந்து விழுந்த உத்தரவுகள்:

அருவி.
கோபுரம். (உடனே இன்னொருவர்: கோபுரம் வேண்டாம், பொதுவாக இருக்கட்டும்.)
பல்சக்கரம்.
பனைமரம். "ரெண்டு இருந்தா நல்லது."
நாற்று பிடித்த விவசாயி. சிரித்த முகம்.
குடை.
வானவில். "கலர் ஒண்ணுதான்னு தெரியும், இருந்தாலும் வானவில்."

ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடிப் படம் வரைய முடியுமா? ஆனால் என் கை பத்தொன்பது வருஷம் பழகிய கை. ஃப்ளெக்ஸ் கடையில் வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து "இத இங்கன தள்ளு, அத அங்கன தூக்கு" என்பார். நான் தள்ளுவேன், தூக்குவேன். அப்படியே எல்லாவற்றையும் போட்டேன். திரையில் பார்க்கத் திருவிழா மாதிரி ஜோராக இருந்தது. ஏழு மில்லிமீட்டருக்குச் சுருக்கினேன்.

ஈ பேண்டது மாதிரி ஒரு புள்ளி.

அபியிடமிருந்து ஃபோன். போர்டு வரைகிற பிள்ளை, ஊர் இலஞ்சி. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சொந்தமாகப் போடும் முதல் போர்டு இது.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. இவ்வளவு மெல்லிசுக் கோடு ஃபேக்டரில விழாது. கால் மில்லிமீட்டராவது தடிமன் இருக்கணும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல அதே அளவு எடமும் வேணும்."

"எனக்குத் தெரியும்ட்டி" என்றேன். தெரியாது. இப்போது தெரியும்.

ஸ்டூலைத் தூக்கிக் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கடைக்கு அரை நாள் லீவு. ஐந்தருவி. மைதீன் அண்ணனும் அபியும் சோதனைக்கு ஒரு கருவி வைக்கப் போனார்கள், நானும் ஸ்கூட்டியில் பின்னாலேயே. பழக்கடைக்காரர் ஒருவர் கடைக்குப் பின்னால் இடம் கொடுத்திருக்கிறார். ரம்புட்டான் கூடைக்கும் மங்குஸ்தான் கூடைக்கும் நடுவில் பிவிசி குழாய்.

அருவியில் நல்ல தண்ணீர். கூட்டம். என் பின்னால் இரண்டு பேர்:

"ஏலே, செருப்பப் பிடி, ஒரு குளி குளிச்சிட்டு வந்துருதேன்."

"இப்பத்தானல மூணு குளி குளிச்ச?"

"அது எண்ண போகக் குளிச்சது. இது சந்தோசத்துக்கு."

டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். சாரல் மேற்கே மலையிலிருந்து சாய்வாக இறங்குகிறது. நேராக விழவே இல்லை. என் டீ கிளாஸுக்குள் விழுந்தது. அப்போது பிடித்தேன். சாய்ந்த மழை, கீழே ஒரு கிண்ணம். அவ்வளவுதான். மீதி எல்லாம் தாய்மாமன் போட்டோ.

சிகரெட் அட்டையின் பின்பக்கம் டீ மாஸ்டர் பேனாவால் வரைந்தேன். சாய்ந்த கோடு மூன்று. கீழே அரைவட்டம் ஒன்று. மேப்பில் மேற்கு இடது பக்கம், அதனால் மழை இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே. டீ மாஸ்டரிடம் காட்டி "அண்ணாச்சி, இது என்ன?" என்றேன்.

"மழ."

ஒரு வினாடி யோசிக்கவில்லை மனிதர். பேனாவைத் திருப்பிக் கேட்டார்.

கடைக்கு வந்து ஸ்டிக்கர் தாளில் நிஜ அளவில் அடித்து, வெட்டி, கட்டைவிரல் நகத்தில் ஒட்டி, கையை நீட்டிப் பார்த்தேன். தெரிகிறது. கண்ணாடி போடாமலே தெரிகிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: பிரமாதம்.

ஜூன் 14, சனி

வெளிவாங்கல், மழை விட்டு நல்ல வெயில். மூன்று நாள் துணியும் இன்று காய்ந்தது.

மைதீன் அண்ணன் கடை மாடியில் கூட்டம். இருபத்திரண்டு பேர். சமோசா, டீ. என் முறை வந்தது. பேச்சு ஒன்றும் பேசவில்லை. ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்து நகத்தில் ஒட்டச் சொன்னேன். இருபத்திரண்டு பேரும் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதாணி வைத்த வீடு மாதிரி இருந்தது.

"அருவி எங்கம்மா?" என்று வாத்தியார்.

"மழ பேஞ்சா அருவி தானா வரும் சார்."

சிரிப்பு. முடிந்தது. எதிர்ப்பு ஒரே ஒரு ஓட்டு, அது பனைமரக்காரர்.

திருவேங்கடத்திலிருந்து குருசாமி அண்ணாச்சி வந்திருந்தார். கரிசல்காட்டில் உளுந்து, சோளம் போடுகிறவர். இரண்டு பஸ் மாறி வந்தவர், கூட்டம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஸ்டிக்கரை நகத்திலிருந்து பிரித்துப் பாக்கெட் நோட்டில் பத்திரமாக ஒட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு சண்டை. நான் ஆரம்பித்ததுதான்.

அபி: "லோகோ ஃபைலையும் மத்ததோட சேத்து ஓப்பனா போட்டுரலாமாக்கா? யாரும் மாத்திக்கிடலாம்னு?"

"போர்ட எவன் வேணும்னாலும் மாத்தட்டும். எம் படத்துல எவன் கையும் படப்பிடாது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். என் கல்யாண ஃப்ளெக்ஸ் டிசைனை ஒருத்தன் அப்படியே திருடி, பொண்ணு மாப்பிள்ளை முகத்தை மட்டும் மாற்றி, என் தெருவிலேயே கட்டினான். அதன் கீழேதான் நான் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். எனக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல்.

மைதீன் அண்ணன் சமாதானம் செய்தார். மற்றதெல்லாம் பொதுவில். லோகோவின் மூல ஃபைல் என்னிடம் மட்டும்.

அபி இன்னொன்றும் சொன்னாள். போர்டின் பின்பக்கம் வேலை செய்தவர்கள் பெயர் வருமாம். அதில் ஒரு வரி: 'படம்: பேச்சியம்மாள், தென்காசி.'

"அதெல்லாம் எதுக்குட்டி" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வரிதான் மனதில் ஓடியது.

ஜூன் 16, திங்கள்

மறுபடி சாரல். தலைக்கு மேல் வேலை.

ஒரு பணி ஓய்வு விழாவுக்குப் போட்டோ போட்ட காபி மக் நாற்பது. மக்கில் சூட்டில் ஒட்டுகிற தாள் என்பதால் ஒவ்வொன்றையும் இடம் வலமாகத் திருப்பித்தான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சார் பெயர் தலைகீழ் பாஷையில் வரும். நாற்பதும் ஓ.கே. ஓய்வு பெறும் சாருக்கு மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கினேன், கேட்காமலே.

நடுவில் லோகோவை முடித்து அபிக்கு அனுப்பினேன். கடை வழக்கப்படி: "பார்த்துச் சரி சொல்லு." உடனே பதில்: "சூப்பர்க்கா, சரிக்கா." என் கடைச் சுவரில் எழுதியே தொங்குகிறது: பார்த்துச் சரி சொன்னபின் நிர்வாகம் பொறுப்பல்ல. மாப்பிள்ளை இடத்தில் மாமனார் போட்டோ வந்தபோதுகூட அந்தப் பலகையைத்தான் காட்டினேன்.

போர்டு நூறு ஆர்டர் போய்விட்டது. இரண்டு வாரமாம்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்காரர் ஃபோன். (பட்டாளத்தில் இருக்கிறார், பஞ்சாப் பக்கம். லீவு தீபாவளிக்கு.) அங்கே வெயில் கொளுத்துகிறதாம். இங்கே சாரல் என்றேன், வயிற்றெரிச்சல் பட்டார். லோகோவை அனுப்பியிருந்தேன்.

"நாலு கோடுதானட்டி இருக்கு? இதுக்கா ஒரு வாரம்?"

"ஒம்ம தொப்பில இருக்க நட்சத்திரத்துல எத்தன கோடு?"

பேச்சை மாற்றிவிட்டார்.

மல்லிப்பொடி அரைக்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை.

போர்டு வந்துவிட்டது. மைதீன் அண்ணன் கடையில் டப்பாவைப் பிரித்தோம். நூறு பச்சை பிஸ்கட். பின்பக்கத்தை முதலில் பார்த்தேன், மறைப்பானேன். என் பெயர். பொடி எழுத்து, ஆனால் கல்லில் வெட்டினது மாதிரி.

திருப்பினேன்.

மழை வலப்பக்கத்திலிருந்து பெய்கிறது.

மைதீன் அண்ணன் "அட, என்னமா இருக்கு தங்கச்சி!" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறார். அவருக்குத் தெரியவில்லை. மூன்று கோடும் ஒரு அரைவட்டமும்தானே, எந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? கடைக்கு ஓடி வந்து ஃபைலைத் திறந்தேன்.

நான்தான். மக் அடிக்கிற கை. நாற்பது மக்கோடு நாற்பத்தொன்றாவதாக லோகோவையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் ஃபோனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஒருத்தனும் பாக்கலன்னா நீ ஏன்ட்டி வாயத் தொறக்க? சும்மா கெட."

சரி. சும்மா கிடக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

காற்று மட்டும்.

காலை ஏழே காலுக்குக் குரூப்பில் அபி: "எல்லாரும் மன்னிச்சிடுங்க. லோகோ திரும்பி விழுந்திருக்கு. போர்டுல எடுத்து வைக்கும்போது நான்தான் மாத்தி வச்சிட்டேன் போல. என்னோட தப்பு."

ஆறேழு பேர் "பரவால்லம்மா" என்றார்கள். பனைமரக்காரர் மட்டும்: "இதுக்குத்தான் அனுபவம் உள்ள ஆளாப் பாத்துக் குடுத்திருக்கணும்."

அந்தப் பிள்ளை அதற்கும் "ஆமா சார்" என்று பதில் போட்டாள்.

நான் படித்தேன். பதில் எழுதவில்லை. சுவரில் பலகை தொங்குகிறது. ஃபோனில் அவளுடைய "சரிக்கா" இருக்கிறது. கடைச் சட்டப்படி நான் பொறுப்பல்ல. பத்தொன்பது வருஷத்தில் "என் தப்பு" என்று ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் கடை திறக்க முடியாது, அதுதான் இந்தத் தொழில்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஃப்ளெக்ஸ் இரண்டு, இரண்டிலும் எழுத்துப் பிழை. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன். அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 2, புதன்

கடை திறக்கவில்லை. நேரே இலஞ்சி.

அபியின் அம்மா கதவைத் திறந்தாள். "நேத்துலருந்து கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருக்கா. என்ன ஏதுன்னு சொல்ல மாட்டேங்கா." உள்ளே போனால் பிள்ளை போர்டு படத்தை ஆயிரம் மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு தேடுகிறாள். இல்லாத தப்பை எங்கே கண்டுபிடிக்க?

"ஏட்டி, தேடாத. நான்தான் திருப்பி அனுப்புனேன். மக் அடிக்க ஞாபகத்துல."

என்னையே பார்த்தாள். "நெசமாவாக்கா?"

"பொய் சொல்லவா ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டு வந்தேன்?"

முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு நன்றாகத் திட்டினாள். "நேத்து முழுக்க என்ன செஞ்சிய? எனக்கு ராத்திரி சோறு எறங்கல தெரியுமா? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். இருபத்தி நாலு வயசுப் பிள்ளையிடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் அம்மா நடுவில் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அங்கேயே உட்கார்ந்து குரூப்பில் குரல் பதிவு போட்டேன். எழுதினால் நைசாக மழுப்பிவிடுவேன் என்று தெரியும். "பேச்சியம்மாள் பேசுதேன். அபி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எங்க கடையில. நேத்தே சொல்லிருக்கணும், சொல்லல, அது ரெண்டாவது தப்பு. நூறு போர்டுக்கும் மேல ஒட்ட ஸ்டிக்கர் நானே அடிச்சுத் தாரேன்."

பனைமரக்காரர் கட்டைவிரல் ஒன்றைப் போட்டார். எந்த அர்த்தத்தில் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை.

ஜூலை 3, வியாழன்

சாரல் திரும்பிவிட்டது.

நூறு ஸ்டிக்கர் அடித்து, வெட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மில்லிமீட்டரைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தால் தெரியும். அறுபத்தாறாவதில் குருசாமி அண்ணாச்சியின் குரல் பதிவு. குரூப்பில் அவர் பேசுவதே முதல் தடவை. பின்னால் ஆடு கத்துகிறது.

"பேச்சியம்மா, ஸ்டிக்கரு எங்களுக்கு வேண்டாம் தாயி. அந்தப் படம் சரியாத்தான இருக்கு? வடக்கப் பாத்து நின்னா எங்களுக்கு மழ வலது கைப் பக்கந்தான் வரும். ஐப்பசி கார்த்திகையில, கிழக்க இருந்து. நீங்க முன்னால வரஞ்சது குத்தாலத்து மழ. அது இங்கன வாரது இல்ல. ஒங்களுக்குச் சாரல் அடிக்கும்போது எங்களுக்கு வெறுங்காத்துதான், கண்ணுல மண்ணு விழுது. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன். எல்லாரும் வெரல நீட்டிச் சந்தோசமா இருந்திய, எதுக்குன்னு விட்டுட்டேன்."

மூன்று முறை கேட்டேன்.

பெங்களூர்க்காரனுக்கு நம்ம சாரல் தெரியுமா என்று கேட்டவள் நான். தென்காசியிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் மழை வேறு பக்கம் பெய்கிறது, அது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் குரூப்பில் ஒரே கூச்சல். ஆலங்குளத்துக்காரர்: "எங்களுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வரும், நாங்க என்ன செய்ய?" மைதீன் அண்ணன் தீர்ப்பு: நூறு போர்டும் கிழக்குப் பக்க ஊர்களுக்கு. மேற்குப் பக்கத்துக்கு அடுத்த தடவை சாரல் சாய்வில். ஸ்டிக்கர் வேண்டாம்.

வெட்டியது அறுபத்தாறு. என்ன செய்ய, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

திருவேங்கடம். நான், அபி, மைதீன் அண்ணன். சங்கரன்கோவில் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. தென்காசியில் குடை பிடித்து ஏறினோம். சங்கரன்கோவில் தாண்டியதும் ரோடு காய்ந்து கிடக்கிறது. இறங்கினால் காற்று சேலையைப் பிடுங்குகிறது. ஒரு சொட்டு இல்லை. கறுப்பு மண் பாளம் பாளமாக.

குருசாமி அண்ணாச்சி வீட்டில் மோர், பிறகு அவருடைய கரிசல்காடு. அவரே செங்கல், சிமெண்ட் வைத்து இடுப்பு உயரத்துக்கு ஒரு தூண் கட்டியிருக்கிறார். அபி கருவியைப் பொருத்தினாள். மழை இல்லாததால் சொம்புத் தண்ணீரை ஊற்றிச் சோதித்தோம். ஃபோனில் சேதி வந்தது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். ஒருவர்: "இப்பிடி சொம்புல ஊத்துனாத்தான் உண்டு போல."

நான் தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

தூணின் பக்கச் சுவரில் வெள்ளை எனாமல் பெயிண்டில் என் லோகோ. ஒரு முழ அளவு. ஸ்டிக்கரைப் பார்த்து அண்ணாச்சியே வரைந்தது, மழையைக் கிழக்குப் பக்கம் திருப்பி. கிண்ணம் கொஞ்சம் சட்டி மாதிரி.

கோடு இரண்டுதான் இருந்தது.

கை பரபரத்தது. பெயிண்ட் டப்பா அங்கேயேதான் இருந்தது, பிரஷ்ஷும்.

"அண்ணாச்சி, மூணு கோடுல்லா?"

"தெரியும் தாயி. எங்க ஊருக்கு மூணு ஜாஸ்தி. ரெண்டு பேஞ்சாலே நாங்க ராசா. இல்லாதத நாமளா சொவத்துல எழுதப்பிடாதுல்லா?"

கிண்டல் இல்லை. கணக்குச் சொல்கிறவர் முகம். மூன்று கோடு நான் ஏன் போட்டேன்? இரண்டு பார்க்க மொட்டையாக இருந்தது, நான்கு நெருக்கமாக இருந்தது. அழகுக்குப் போட்டேன். அவர் மழைக்குப் போட்டிருக்கிறார்.

அபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெடிக்கப் போகிறேன் என்று. நான் ஃபோனை எடுத்து அந்தச் சுவரைப் படம் பிடித்தேன். நேராக, நிழல் விழாமல், நான்கு படம்.

பஸ்ஸில் மைதீன் அண்ணன் தூங்கி என் தோளில் விழுந்தார். சங்கரன்கோவிலுக்கு இந்தப் பக்கம் மறுபடி தூறல்.

ஜூலை 7, திங்கள்

சாரல். காதணி விழா ஒன்று, திறப்பு விழா ஒன்று. இரண்டையும் பதினொரு மணிக்குள் முடித்தேன்.

பிறகு லோகோவின் மூல ஃபைலை எடுத்து, அபி சொல்லிக்கொடுத்த இடத்தில் பொதுவில் ஏற்றினேன். சாரல் சாய்வு ஒன்று, ஐப்பசி சாய்வு ஒன்று. 'யாரும் எடுக்கலாம், அவரவர் ஊருக்கு மாற்றலாம்' என்று தட்டினேன். திருடன்கூட எடுக்கலாம். எடுத்துத் தொலையட்டும்.

சுவர்ப் படத்திலிருந்து இரண்டு கோட்டு மழையையும் கோடு பிசகாமல் வரைந்து எடுத்தேன். சட்டியைச் சட்டியாகவே விட்டேன். அதையும் ஏற்றினேன். கீழே 'படம்' என்று ஒரு கட்டம், பெயர் கேட்கிறது. அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன்.

"ஒங்க முழுப் பேரு என்ன அண்ணாச்சி? படம் வரஞ்சவுக பேரு போடணும்."

"எம் பேரா? எதுக்கு தாயி? ரெண்டு கோடுதான போட்டேன்?"

"நானும் மூணு கோடுதான் அண்ணாச்சி போட்டேன். பேரச் சொல்லுங்க."